கான்கிரீட் போடும் முன் முடிவு செய்ய வேண்டிய நெட்வொர்க் வயரிங்: எதை எடுப்பது, எதை விடுவது

போன ஆவணியில் ஒரு சாயங்காலம் புதுக்கோட்டையிலிருந்து சித்தி மகன் போன் செய்தான். "அண்ணே, சென்ட்ரிங் அடிச்சு கம்பி கட்டி முடிச்சாச்சு. நாளைக்குக் காலையில கான்கிரீட். நெட் பாயிண்ட் எங்கெங்க வேணும்னு எலெக்ட்ரீஷியன் கேக்குறாரு. வைஃபை தானே, ஹால்ல ஒண்ணு போதும்னு சொல்லிடவா?"

எனக்குப் பகீரென்றது. கட்டடங்களில் நெட்வொர்க் கேபிள் இழுப்பதுதான் என் தொழில். அவன் கட்டுவது வெறும் வீடு கிடையாது. கீழே ஆறு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும் கணக்குத் தணிக்கை அலுவலகம். மேலே குடியிருப்பு. பின்பக்கத் தென்னந்தோப்பில் எழுபது மீட்டர் தள்ளி மோட்டார் ரூமும் மாட்டுக்கொட்டகையும். அங்கே இரண்டு கேமரா வேண்டும் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். இத்தனைக்கும் ஹாலில் ஒரே ஒரு பாயிண்ட்.

"எதையும் சொல்லாதே, எலெக்ட்ரீஷியனை அங்கேயே இருக்கச் சொல்லு" என்றேன். அன்று ராத்திரி இரண்டு மணி நேரம் பேசினோம். ரவுட்டர் எந்தக் கம்பெனி, எல்லாக் கேபிளையும் ஒன்றாக இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் எத்தனை போர்ட் என்பதையெல்லாம் ஆறு மாதம் கழித்துக்கூடப் பார்த்துக்கொள்ளலாம். பைப் எங்கே போகிறது என்பதை மட்டும் விடிவதற்குள் முடிவு செய்தாக வேண்டும். பைப்பை முடிவு செய்ய, எந்த கேபிள், எங்கே பெட்டி, தோப்புக்கு எது என்று எல்லாவற்றையும் ஓரளவு யோசித்தே ஆகவேண்டும். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வைஃபையா, வயரா?

பலரும் இதை ஒன்றுக்கு ஒன்று போட்டியாக நினைக்கிறார்கள். நல்ல வைஃபை வேண்டுமென்றாலும் அதற்கு வயர் வேண்டும். நம் ஊர்க் கட்டடங்களில் ஐந்து அங்குல கான்கிரீட் தளம், அதற்குள் கம்பி வலை, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை இவற்றைத் தாண்டும்போது சோர்ந்துவிடும். கீழே ஒரு ரவுட்டர் வைத்து மாடியிலும் அதே வேகத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

வைஃபையை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிப் பரப்பும் மெஷ் பெட்டிகள் வாங்கி ஆளுக்கொரு மூலையில் வைப்பது அடுத்த யோசனை. கட்டி முடித்துக் குடிபோன வீட்டுக்கு அது நல்ல தீர்வு, நானே பலருக்கு மாட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பெட்டிகள் காற்றிலேயே ஒன்றோடொன்று பேசும்போது, வாங்கிய அதே அலைவரிசையிலேயே திருப்பியும் அனுப்பினால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். தளம் இன்னும் போடாத கட்டடத்துக்கு அந்த நஷ்டம் எதற்கு?

நான் பின்பற்றும் வழக்கம் எளிமையானது. நகராமல் இருக்கும் சாமான் எல்லாம் வயரில்: மேசைக் கணினி, பிரிண்டர், கேமரா, டிவி. கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற சாமான் வைஃபையில். அந்த வைஃபையைத் தருகிற ஆக்சஸ் பாயிண்டுக்கும் கூரைக்குள்ளிருந்து ஒரு கேபிள் வரவேண்டும். ஆகவே அலுவலகக் கூரையின் நடுவில் ஒரு டீப் ஜங்ஷன் பாக்ஸ், வரவேற்பறைக் கூரையில் ஒன்று என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஃபேன் கொக்கிக்குப் பக்கத்தில் வேண்டாம், இரண்டு மூன்று அடியாவது தள்ளி.

பைப்: இதில்தான் காசு போடவேண்டும்

வழிகள் மூன்று. தளத்துக்குள்ளும் சுவருக்குள்ளும் புதைக்கிற பைப், சுவர்மேல் ஓட்டுகிற கேசிங் கேப்பிங், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே டிரே அடித்து ஓட்டுவது. ஃபால்ஸ் சீலிங் உறுதியாக வரப்போகிற அலுவலகம் என்றால் டிரேதான் என் முதல் தேர்வு. சீலிங் பலகை ஒன்றைத் தூக்கினால் கேபிள் கைக்கு வரும், நாளைக்கு இன்னும் நாலு இழுப்பது பத்து நிமிட வேலை. சித்தி மகன் ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்றுவிட்டான். கேசிங் கேப்பிங்கை மட்டமாகப் பேசுவது என் வழக்கமில்லை. பழைய கட்டடத்தில் சுவரைக் குடைந்து காடி எடுத்து, மறுபடி பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிப்பதற்கு அது எவ்வளவோ மேல். புதுக் கட்டடத்தில் மட்டும் புதைத்த பைப்பை விட்டுக்கொடுக்கக் கூடாது.

புதைப்பதிலும் 20 மி.மீ. பைப்பா, 25 மி.மீ. பைப்பா என்பதுதான் அன்றைக்கு நடந்த பெரிய வாக்குவாதம். எலெக்ட்ரீஷியன் 20 போதும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, லைட் வயருக்கு அது போதும். நெட்வொர்க் கேபிள் வேறு மாதிரி. கேட் 6 என்ற ரகக் கேபிள் ஒன்று சுமார் 6 மி.மீ. தடிமன் இருக்கும். பைப்பின் உள்பரப்பில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது தொழிலில் உள்ள கணக்கு. அதன்படி 20 பைப்பில் இரண்டு தாராளமாகப் போகும், மூன்றாவதை இழுக்கும்போதே கை வலிக்கும். 25 பைப்பில் நாலு வரை போகும். இழுக்கும் விசை பதினொரு கிலோவுக்கு மேல் போனால் உள்ளே இருக்கும் கம்பி ஜோடிகளின் முறுக்கு தளர்ந்து கேபிள் கெட்டுவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, வேகம் மட்டும் குறையும். இரண்டு பைப்புக்கும் உள்ள விலை வித்தியாசம் முழுக் கட்டடத்துக்கும் சேர்த்தே ஒரு மூட்டை சிமெண்ட் விலைக்குப் பக்கத்தில்தான் வரும் என்று அவரிடமே கணக்குப் போடச் சொன்னேன். போட்டுப் பார்த்துவிட்டு, சரி என்றார். தளத்துக்குள் போவதால் லைட் ரகம் வேண்டாம். மேஸ்திரி ஆட்கள் மேலே மிதித்து நடப்பார்கள், வைப்ரேட்டர் போடுவார்கள். ஹெவி ரகம் எடுக்கச் சொன்னேன்.

அப்புறம் வளைவு. நேர் மூலையாகத் திரும்பும் எல்போவை நெட்வொர்க் பைப்பில் போடவே கூடாது, நீளமான பெண்டுதான். கேபிளைத் தன் தடிமனைப் போல நாலு மடங்கு ஆரத்துக்குள் மடக்கக் கூடாது. கேட் 6 என்றால் இரண்டரை சென்டிமீட்டர் ஆகிறது. ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையில் இரண்டு வளைவுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்துவிடுவது நல்லது.

கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் போட்டால் மிச்சம்தானே என்று கேட்டான். கூடவே கூடாது. முதல் காரணம் பாதுகாப்பு: கரண்ட் வயரின் தோல் எங்காவது உரிந்தால் 230 வோல்ட் நேராகக் கணினிக்கு வரும். இரண்டாவது இரைச்சல். பக்கத்தில் இணையாக ஓடவேண்டியிருந்தால் ஓர் அடி இடைவெளி விடுங்கள், குறுக்கே தாண்டவேண்டியிருந்தால் நேர் செங்குத்தாகத் தாண்டுங்கள். தளத்தில் கம்பிக்கு நடுவே பைப்பை ஓட்டும்போது இதை யாரும் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுக்கம்பியால் இறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்காகத்தான் கான்கிரீட்டுக்கு முன்னால் படம் அனுப்பச் சொன்னேன்.

எல்லாப் பைப்பும் போய்ச் சேரும் இடம்

ஒவ்வொரு பாயிண்டிலிருந்தும் தனித்தனிக் கேபிள் ஒரே இடத்துக்கு வரவேண்டும். ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு, அங்கிருந்து அடுத்ததுக்கு என்று சின்னச் சின்ன ஸ்விட்ச் போட்டுத் தொடுப்பது கேபிளை மிச்சப்படுத்தும். ஆனால் நடுவில் ஒருவர் காலால் பிளக்கைத் தட்டிவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை பேருக்கும் வேலை நிற்கும்.

அந்த ஒரே இடம் எது? சித்தி மகன் மாடிப்படிக்கு அடியில் என்றான், எலெக்ட்ரீஷியன் பரண் என்றார். பரணில் வெக்கை அதிகம், ஏணி இல்லாமல் எட்டாது, நாளடைவில் பழைய பாத்திரங்கள் பெட்டியை மூடிவிடும். மாடிப்படி அடி நல்ல இடம்தான், பாத்ரூம் சுவர் பக்கத்தில் இல்லாத வரைக்கும். அவனுடைய வரைபடத்தில் அந்தச் சுவருக்கு மறுபக்கம் பாத்ரூம். நான் கேட்டது அலுவலகத்தின் வடக்குச் சுவர், இன்வெர்ட்டர் வைக்கப்போகும் இடத்துக்கு அடுத்தது. நெட்வொர்க் சாமான்களை அடுக்கிச் சுவரில் மாட்டுகிற 9யூ ராக் பெட்டி அங்கே கனகச்சிதமாக உட்காரும். ஒரு யூ என்பது 44.45 மி.மீ. உயரம். சுவரிலிருந்து வரும் கேபிள்கள் வந்து முடியும் பேட்ச் பேனலுக்கு ஒன்று, ஸ்விட்ச்சுக்கு ஒன்று, கேமரா ரெக்கார்டருக்கு ஒன்றிரண்டு, காற்றோட்டத்துக்கு மிச்சம்.

இன்வெர்ட்டர் பக்கத்தில் என்று நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் உண்டு. பிஓஇ (பவர் ஓவர் ஈதர்நெட்) ஸ்விட்ச் போட்டால் டேட்டா போகிற கேபிளிலேயே மின்சாரமும் போகும். 2003-ல் வந்த 802.3ஏஎஃப் தரத்தில் ஸ்விட்ச்சின் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும், 2009-ல் வந்த 802.3ஏடி தரத்தில் 30 வாட். சாதாரணக் கேமராவுக்கு முதலாவதே தாராளம். ஒவ்வொரு கேமராவுக்கும் தனியாக அடாப்டரும் பிளக் பாயிண்டும் வைப்பது மறுவழி. அப்படி வைத்தால் கரண்ட் போனதும் கேமராக்கள் கண்ணை மூடிவிடும், அல்லது எல்லாப் பிளக்கையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுக்கவேண்டும். பிஓஇ-யில் அந்த ஒரு ஸ்விட்ச்சுக்கு இன்வெர்ட்டர் கொடுத்தால் கேமரா, ஆக்சஸ் பாயிண்ட் எல்லாம் ஓடும். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

கேட் 5ஈ, கேட் 6, கேட் 6ஏ

கேபிளைக் கான்கிரீட்டுக்கு முன்னால் வாங்கவேண்டியதில்லை. ஆனால் தடிமன் தெரிந்தால்தான் பைப் அளவு தெரியும். மூன்றும் செப்புக் கேபிள்கள்தான், மூன்றுக்கும் நீள வரம்பு ஒன்றுதான்: சுவருக்குள் 90 மீட்டர், இரண்டு முனையிலும் இணைக்கும் சின்னக் கேபிள்களுக்கு 10, ஆகமொத்தம் நூறு மீட்டர்.

கேட் 5ஈ-ஐப் பழசு என்று தள்ளிவிடுகிறார்கள், அது நியாயமில்லை. நூறு மீட்டருக்கு ஒரு கிகாபிட் தரும். 2016-ல் வந்த தரத்தின்படி 2.5 கிகாபிட்டும் அதிலேயே ஓடும். ஏற்கனவே நல்ல 5ஈ இழுத்த கட்டடத்தில் இருக்கிறவர்கள் அதைப் பிடுங்கிப் போடாதீர்கள். கேட் 6 அதே நூறு மீட்டரில் 5 கிகாபிட்டும், சுமார் 55 மீட்டர் வரை 10 கிகாபிட்டும் தரும். கேட் 6ஏ-யில் 10 கிகாபிட் நூறு மீட்டரும் போகும், ஆனால் அது தடியானது, விறைப்பானது. நாலு போகிற பைப்பில் இரண்டுதான் நிம்மதியாகப் போகும், ஜாக் மாட்டுகிற நேரமும் இரட்டிப்பு.

இந்தக் கட்டடத்தில் ராக்கிலிருந்து எட்டத்தில் இருக்கும் அறைக்கே முப்பது மீட்டர் வராது. அந்தத் தூரத்தில் சாதாரண கேட் 6 கேபிளே பத்து கிகாபிட்டைத் தாங்கும் என்பதால் 6ஏ-க்குக் கொடுக்கிற காசு வீண். புதிதாக இழுக்கும்போது 5ஈ-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் ஆள்கூலிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கேட் 6 என்று முடித்தோம். ஒவ்வொரு மேசைக்கும் ஒன்றுக்குப் பதில் இரண்டு. இழுக்கிற உழைப்பு ஒன்றுதான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் சூடுபட்டிருக்கிறேன். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு அரிசி மண்டிக்குப் பன்னிரண்டு கேமரா மாட்டினேன். பெட்டியில் கேட் 6 என்றுதான் போட்டிருந்தது, விலை மட்டும் மற்றதில் பாதி. பகலில் எல்லாம் நன்றாக ஓடியது. ராத்திரி ஏழு மணி ஆனதும் கடைசியில் இருந்த மூன்று கேமராவும் அணைந்து அணைந்து எரிந்தன. நான்கு நாள் ஸ்விட்ச்சைச் சந்தேகப்பட்டேன், கேமராவை மாற்றினேன். இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ரா ரெட் விளக்குகள் எரியும். அந்தக் கூடுதல் மின்சாரத்தைக் கேபிளால் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. ஒரு துண்டை வெட்டிப் பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம். தொழிலில் இதை சிசிஏ என்பார்கள். அலுமினியம் செம்பைப் போல அறுபது சதவீதம்தான் மின்சாரம் கடத்தும். பிஓஇ போட்டால் சூடாகும், ஜாக்கில் அழுத்துகிற இடத்தில் கொஞ்ச நாளில் ஒடிந்துவிடும். மொத்தத்தையும் உருவிப்போட்டு என் கைக்காசில் மறுபடி இழுத்துக் கொடுத்தேன்.

அதிலிருந்து எந்தப் பெட்டி வாங்கினாலும் கடையிலேயே முனையைச் சுரண்டிப் பார்க்கிறேன். 305 மீட்டர் பெட்டியைக் கையில் தூக்கினாலே தெரியும். செம்பு கனக்கும், சிசிஏ பெட்டி கையில் தக்கை மாதிரி இருக்கும். நல்ல செம்பு கேட் 5ஈ-க்கும் சிசிஏ கேட் 6-க்கும் இடையில் தேர்வு என்றால் கண்ணை மூடிக்கொண்டு 5ஈ-ஐ எடுங்கள்.

தோப்புக்கு எது?

எழுபது மீட்டர்தான், நூறுக்குள் வருகிறதே, ஒரு கேட் 6-ஐ மண்ணில் பைப் போட்டு இழுத்துவிடலாமே என்றான். தூரக் கணக்கில் சரிதான், ஓடும். நானே ஒரு தடவை அப்படிச் செய்து கொடுத்தேன். ஓர் ஐப்பசி மழையில் பண்ணை வீட்டுக்கு அருகே தென்னையில் இடி விழுந்தது. கேபிள் வழியாக வந்த அதிர்ச்சியில் கொட்டகைக் கேமரா, வீட்டு ஸ்விட்ச், அதோடு சேர்ந்திருந்த ரெக்கார்டர், மேசைக் கணினி எல்லாம் ஒரே நொடியில் போயின. இரண்டு கட்டடத்துக்கும் எர்த் தனித்தனி. நடுவில் செப்புக் கம்பியால் இணைத்தால் இரண்டு எர்த்துக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாடு முழுக்க நம் ஸ்விட்ச்சின் தலையில்தான் இறங்கும். சர்ஜ் புரொடெக்டர் இரண்டு முனையிலும் போடலாம். அது ஆபத்தைக் குறைக்கும், நீக்காது.

காற்று வழியாக அனுப்பும் வயர்லெஸ் பிரிட்ஜ் ஜோடி இன்னொரு வழி. வெட்டவெளி நிலமாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன், ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். இங்கே நடுவில் தென்னை மரங்கள். மட்டை ஆட ஆட, மழையில் ஓலை நனைய நனைய இணைப்பு விழும்.

ஆகவே ஃபைபர். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, இடி அந்த வழியாக வீட்டுக்குள் நுழைய முடியாது. சிங்கிள் மோட் ஃபைபர் நாலு கோர் (நாலு இழை) எடுத்து இரண்டைப் பயன்படுத்துங்கள், இரண்டு கையிருப்பு. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில டிராப் கேபிள்களில் தாங்குவதற்கென்று இரும்புக் கம்பி இருக்கும், அது வேண்டாம். எஃப்ஆர்பி எனப்படும் கண்ணாடிநார்க் கம்பி உள்ளது வாங்கினால் முழுக்க உலோகமே இல்லாமல் போகும். ஒட்டுவதற்கு மெஷின் வேண்டுமே என்று பயந்தான். ஊருக்கு ஊர் கேபிள் டிவி, இன்டர்நெட் கொடுக்கிறவர்களிடம் ஸ்ப்ளைசிங் மெஷின் இருக்கிறது. நாலு ஒட்டுக்கு அரை மணி நேரம். கொட்டகையில் ஒரு சின்ன பிஓஇ ஸ்விட்ச்சுக்கு மோட்டார் ரூமிலிருந்து கரண்ட். பைப் மட்டும் இரண்டடி ஆழத்தில், மோட்டார் கேபிளிலிருந்து தள்ளி. எலி வாய் வைக்காமல் இரண்டு முனையையும் அடைத்துவிட வேண்டும்.

முனையும் சோதனையும்

கேபிள் முனையில் நேராக பிளக்கை கிரிம்ப் செய்து கணினியில் சொருகுவது மலிவு. சுவருக்குள் போகிற கேபிளின் உள்கம்பி ஒற்றைக் கம்பி, அடிக்கடி ஆட்டினால் முறியும். சுவரில் ஜாக், ராக்கில் பேட்ச் பேனல், நடுவில் நெகிழ்வான பேட்ச் கார்டு என்று போட்டால் முறிவது நூறு ரூபாய் கார்டாக இருக்கும், சுவருக்குள் இருப்பது அப்படியே நிற்கும். நிற வரிசை 568ஏ-யா, பி-யா என்பது பெரிய விஷயம் இல்லை. இரண்டு முனையிலும் ஒன்றே இருந்தால் போதும், நம் பக்கம் பி-தான் வழக்கம். ஜாக்கில் அழுத்தும்போது முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்காதீர்கள்.

எட்டு விளக்கு எரிகிற மலிவு டெஸ்டர் போதுமா என்பது கடைசிக் கேள்வி. அது கம்பி அறுந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்பதைச் சொல்லும். ஜோடி கலைந்திருந்தால் சொல்லாது: பச்சைக்கு ஜோடி பச்சை-வெள்ளையாக இல்லாமல் நீல-வெள்ளையாக இரண்டு முனையிலும் ஒரே மாதிரி தவறாக இருந்தால் எட்டும் அழகாக எரியும், வேகம் மட்டும் வராது. பெரிய அலுவலகத்துக்குச் சான்று தருகிற டெஸ்டரை வாடகைக்கு எடுப்பது சரி. இந்த அளவு கட்டடத்துக்கு, ஒவ்வொரு பாயிண்டிலும் லேப்டாப்பைச் சொருகி ஒரு கிகாபிட் காட்டுகிறதா என்று பார்த்து, ஒரு பெரிய ஃபைலை அனுப்பிப் பார்த்தால் போதும். நூறு மெகாபிட் என்று காட்டினால் அந்த முனையைப் பிரித்து மறுபடி போடுங்கள்.

மறுநாள் காலை ஆறரைக்குப் படங்கள் வந்தன. ஒவ்வொரு பைப்புக்குப் பக்கத்திலும் டேப்பை விரித்துவைத்து, சுவர் ஓரத்திலிருந்து எத்தனை அடி என்று தெரிகிற மாதிரி எடுத்திருந்தான். சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகவே. நெட்வொர்க் பைப் கரண்ட் பைப்பைத் தாண்டும் இரண்டு இடத்திலும் செங்குத்தாகவே தாண்டியது. ஒன்பதாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வரவேற்பறைக்கு மேலே இருந்த பைப்பின் வாய் திறந்தே கிடந்தது.

உடனே போன் போட்டேன். "தெற்கு மூலையில ஒண்ணு அடைக்கல பாரு. சிமெண்ட் பால் உள்ள இறங்குச்சுன்னா அந்த பைப் அவ்வளவுதான்."

"மிக்ஸர் வந்துருச்சுண்ணே, இரு" என்று அவன் சென்ட்ரிங் பலகைமேல் ஓடுகிற சத்தம் கேட்டது. சிமெண்ட் சாக்கைக் கிழித்துச் சுருட்டி வாயில் திணித்து, மேலே டேப் சுற்றி, அதையும் ஒரு படம் எடுத்து அனுப்பினான்.